பெயர் பெறாத பல்கலைக்கழகம்

கொழும்பு மாநகரின் வடக்கே கொட்டாஞ்சேனையிலும் தெற்கே வெள்ளவத்தையிலும் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழ்கின்றன. கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அடுத்த பழைய குடியிருப்பு. வணிகமும் தொழிலும் நாடி வந்தோர் பலர் அங்கே தங்கினர். வெள்ளவத்தையின் வரலாறு சற்று வேறானது. அரசாங்க உத்தியோகம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும் கணக்கரும் ஆசிரியரும் இருபதாம் நூற்றாண்டில் அங்கே வீடுவாசல் அமைத்துக்கொண்டனர். 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது அவர்களுடைய பயணத்தை எளிதாக்கிற்று. ஆயினும், அவர்கள் வந்த வழி தண்டவாளம் இடப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே திறந்துவிட்டது எனலாம். அதைத் திறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நடைபெற்ற ஒரு சிறிய கிறித்தவக் கலாசாலையாகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டு கிராமப் பாடசாலைகளை நிறுவினர். ஏழாண்டுகள் கழிந்ததும், இப்பாடசாலைகளில் தேறிய சிறுவர்க்கு உயர்கல்வி அளிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று எண்ணினர். 1823ஆம் ஆண்டில் அதற்கான திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் ஒருங்கே கற்பிக்கப்படும் உயர்நிலைக் கல்லூரியை அத்திட்டம் வரைந்து காட்டியது. அப்பொழுது இலங்கையில் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்ற 1921ஆம் ஆண்டுவரையும், இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்ற 1942ஆம் ஆண்டுவரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கொழும்பிலிருந்த ஆங்கில அரசாங்கம் இத்திட்டத்தை வரவேற்கவில்லை. அமெரிக்கர் தொகை பெருகுவதைச் சேர் எட்வேட் பார்ன்ஸ் விரும்பாதவர். 1820ஆம் ஆண்டில் மிஷனுக்கென வந்த அச்சுத்தொழிலாளர் ஒருவரையே நாட்டைவிட்டு வெளியேறும்படி அவர் கட்டளையிட்டிருந்தார். கல்லூரிக்கு வேண்டிய அரச பட்டயமும் மறுக்கப்பட்டது. கல்லூரி என்னும் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் கல்வியைத் தொடங்குவதற்குத் தடை இருக்கவில்லை. எனவே அந்நிறுவனம் வட்டுக்கோட்டைச் செமினரி என்னும் எளிய பெயரோடு வளர்ந்தது. டானியல் பூர் என்பார் அதன் முதல் அதிபராயினார்.

அங்கு வாழ்ந்த மாணவர் வாழ்க்கை இருவேறு உலகங்களின் சந்திப்பாய் இருந்தது. மாணவர் விடுதியிலேயே தங்கிக் கற்றனர். தொடக்க காலத்தில் உணவும் உடையும் இலவசம். அமெரிக்காவில் ஒரு மாணவனுக்கெனப் பொருள் உதவியவரின் விருப்பப்படி அவனுக்கு ஒரு பெயர் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறோல், ஆர்னல்ட், நெவின்ஸ் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயர்களோடு ஒட்டிக்கொண்ட காரணம் இதுவே. பெயரை ஏற்றவர்கள் எல்லாவற்றையும் ஏற்றுவிடவில்லை. கிறித்தவர் கூரையின்கீழ்ச் சமைத்த உணவை உண்பது குலாசாரத்துக்கு ஒவ்வாது என்று பெற்றோர் கருதியமையால், மிஷன் காணிக்கு வெளியே சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. பாடம் உள்ளே, பந்தி வெளியே என்ற ஏற்பாட்டிலிருந்து அக்காலச் சமுதாயத்தின் உறுதியையும் பாதிரிமாரின் பொறுமையையும் ஒருசேர அறியலாம்.

வானநூற் பாடம் ஊராரின் கவனத்தையும் கவர்ந்தது. 1829ஆம் ஆண்டில் நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் பூர் பாதிரியாரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகண இரவில் பாதிரியாரின் கணிப்பே சரியெனக் கண்டனர். இவ்வெற்றியோடு மேனாட்டார் தமிழரின் வானநூலை ஒதுக்கிவிட்டனரோ எனின், இல்லை. பூருக்குப்பின் அதிபராய் வந்த ஹொய்சிங்டன், இந்நாட்டு வானநூலை முறையாய்க் கற்று, மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து 1848ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மாணவரும் பின்தங்கவில்லை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850ஆம் ஆண்டில் தருக்கவியலைத் தமிழில் எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தை ‘வீசகணிதம்’ என்னும் பெயரில் தமிழாக்கினார். புதிய அறிவைத் தமிழிலே சொல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு இந்நூல்களே விடையாயின.

கலாசாலையின் மதிலைக் கடந்து அதன் குரலை ஊருக்குள் கொண்டுசென்றது ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை. 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மானிப்பாயில் இருந்த மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து அது வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ்ச் செய்தித்தாள் என்ற சிறப்பு அதற்கு உண்டு. தமிழும் ஆங்கிலமும் கலந்து, இருவாரத்துக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்திரிகைக்கு ஆசிரியராய் இருந்த ஹென்றி மாட்டினும் செத் பேசனும் செமினரியில் பயின்ற தமிழரே. கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, அரசியல், சமயம், உலகச் செய்தி யாவும் அதில் இடம்பெற்றன. கிறித்தவ சமயத்தை மறுத்துச் சைவர் எழுதிய கடிதங்களும் அதில் அச்சேறின. கருத்து வேற்றுமையை எழுத்தில் எழுதி, ஊரறிய விவாதிக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் இவ்வாறு வேரூன்றியது. செமினரியில் பயிலாத ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அடுத்து அச்சுக்கூடமும் கண்டார். எதிர்த்தரப்பினரும் அதே கருவிகளைக் கையிலெடுக்கும் அளவுக்குக் கல்வியும் அச்சும் வலிமை பெற்றிருந்தன.

இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் விளங்கிய எமர்சன் டெனன்ட், பாடத்தின் விரிவாலும் கற்பிக்கும் முறையின் வெற்றியாலும் இச்செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்று 1850ஆம் ஆண்டில் எழுதினார். கல்லூரி என்ற பெயரை ஒருகால் மறுத்த அதே அரசாங்கத்தின் உயர் அதிகாரி ஒருவரின் வாயிலிருந்து வந்த புகழ் இது. ஆனால், ஐந்தே ஆண்டுகளில் அக்கலாசாலை மூடப்பட்டது.

மூடியவர்கள் பகைவர் அல்லர். அதைத் தோற்றுவித்த மிஷனின் தலைமைப்பீடத்தாரே. 1855ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சனின் தூதுக்குழு நிலைமையை ஆராய்ந்தது. போதகரையும் உபதேசியாரையும் உருவாக்கவே கலாசாலை கண்டனர். மாணவரோ ஆங்கிலத்தைக் கற்று அரசாங்கக் கந்தோர்களுக்குச் சென்றனர். ஆகவே மக்களின் தாய்மொழியில் போதகரைப் பயிற்றுதலே போதும் என்று குழுவினர் கருதினர். அக்கருத்து முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை. தாய்மொழிக் கல்வியின் பெருமையை எவரும் மறுப்பதில்லை. எனினும், ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே பேணி, ஒன்றால் மற்றொன்றை வளர்க்கலாம் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் காட்டிவந்த கலாசாலையை மூடிவிட்டுத் தாய்மொழியின் பெயரைச் சொன்னது பொருந்துவதாயில்லை. ஆங்கிலத்தால் பிழைப்புக்கு வழி தேடிய குடும்பங்கள் இதனைக் கதவடைப்பாகவே கண்டன.

கலாசாலையின் பயன் அதனோடு மறைந்துவிடவில்லை. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர், இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை சென்னையில் ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையின் ஆசிரியராயும் பணிபுரிந்தார். பின்னர் ஏடுகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மற்றொரு மாணவரான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையின் ஆசிரியராயிருந்து, தமிழ்ப் புலவர் வரலாற்றைப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். போதகராவதற்கென்று கொடுத்த கல்வி பதிப்பாசிரியரையும் பத்திராதிபரையும் உருவாக்கியது.

ஊர் மக்களும் வாளாவிருக்கவில்லை. கலாசாலை மீண்டும் வேண்டும் என்று பழைய மாணவர் முயன்றனர். அம்முயற்சியின் பயனாக 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. 1823ஆம் ஆண்டில் அரசாங்கம் மறுத்த ‘கல்லூரி’ என்னும் பெயர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அம்மண்ணுக்குக் கிடைத்தது.

ஒரு கலாசாலையை நிறுவுவோர் தம் நோக்கத்தை அதன் வாயிலில் பொறித்து வைக்கலாம். உள்ளே நுழையும் மாணவன் தன் தேவையையும் கூடவே கொண்டுவருகிறான். வட்டுக்கோட்டையில் இவ்விரண்டும் மோதின. நிறுவியோர் தாம் தோற்றதாய்க் கணக்கிட்டனர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் தமிழ்க் குடும்பங்கள் அமைத்த வாழ்வையும், தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளை அடியொற்றி வந்த தமிழாராய்ச்சியையும் சேர்த்து எண்ணினால், அக்கணக்கில் வரவு குறையவில்லை என்பது விளங்கும்.