பாட்டிலில் இருந்து பாக்கெட்டுக்கு - ஷாம்பு சாஷேயின் கதை

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை இன்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் இந்தியச் சந்தையையே புரட்டிப்போட்ட சமாச்சாரம் அது. அதுவும் மும்பையிலோ டெல்லியிலோ பிறந்தது இல்லை, நம்ம கடலூரில்!

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், மருந்துப் பொருட்கள், அழகுசாதனப் பொருட்களைச் சிறிய அளவில் தயாரித்து விற்றவர். அப்போது ஷாம்பு என்றால் பாட்டில்தான். வசதி உள்ளவர்கள் வாங்குவார்கள். மற்றவர்களுக்குச் சீயக்காய், அரப்பு, இல்லாவிட்டால் குளிக்கிற சோப்பு. பணக்காரன் அனுபவிப்பதைக் கூலி வேலை செய்பவனும் அனுபவிக்க வேண்டும் என்பது சின்னி கிருஷ்ணனின் எண்ணம். அதற்கு அவர் கண்ட வழி, பொருளைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைப்பது. பவுடர், உப்பு மட்டுமில்லை, திரவத்தையும் பாக்கெட்டில் விற்கலாம் என்று யோசித்தார்.

யோசனை பெரிது, ஆனால் அதை ஊரெங்கும் கொண்டுபோகும் விற்பனை பலம் அவரிடம் இல்லை. அவர் காலமான பிறகு, மகன்கள் 'வெல்வெட்' என்ற பெயரில் ஷாம்பு பாக்கெட்டை இறக்கினார்கள். சக்கைப்போடு போட்டது.

கதையின் திருப்பம் 1983-ல். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதனுக்கும் அண்ணன்களுக்கும் தொழிலில் கருத்து வேறுபாடு. சொத்தில் பங்கு கேட்காமல், கையில் இருந்த 15,000 ரூபாயோடு வெளியேறினார். வாடகை வீடு, ஒரு சைக்கிள், தெரிந்த ஒரே தொழில் ஷாம்பு. அப்பாவின் பெயரைச் சுருக்கி 'சிக்' என்று வைத்தார். எதிரில் நின்ற பெரிய போட்டி யார்? சொந்த அண்ணன்களின் வெல்வெட்!

இங்கேதான் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால், ஒரு சிக் பாக்கெட் இலவசம். யோசித்துப் பாருங்கள். ஷாம்பு போடுகிற பழக்கம் ஏற்கெனவே உள்ளவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. போட்டியாளரின் வாடிக்கையாளரே காலி பாக்கெட்டோடு கடை தேடி வருவார். மக்கள் பழகியதும் விதியை மாற்றினார்கள். இனி சிக் பாக்கெட் ஐந்து கொடுத்தால்தான் இலவசம்! மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனதாக ரங்கநாதனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்து மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. தலையில் பூ வைக்கிற ஊரில் இதைவிடப் பொருத்தமான வாசனை ஏது? நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். கிராமங்களில் பையன்களை முன்னால் அழைத்து, எல்லோரும் பார்க்க ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விளம்பரம் அது.

1998-ல் கம்பெனியின் பெயர் கெவின்கேர் ஆனது. அழகு என்று பொருள்படும் 'கவின்' என்ற தமிழ்ச் சொல்தான் அதில் ஒளிந்திருக்கிறது. 1999-ல் 50 பைசாவுக்கு சிக் பாக்கெட் வந்தது. தலைக்கும் சோப்பே போட்டுக்கொண்டிருந்தவர்களை இழுக்கத்தான் அந்த விலை. இதில் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமாகச் செலவைக் கூட்டி, லாபம் சேர்த்து விலை வைப்பார்கள். இங்கே மக்கள் கையில் உள்ள நாணயத்தை முதலில் பார்த்து, அதற்குள் அடங்கும்படி பொருளைச் செய்தார்கள். அன்றாடம் கூலி வாங்குபவருக்கு ஒரு மாத ஷாம்பை மொத்தமாக வாங்கக் காசு சேராது. அன்றைய கூலியில் அன்றைய குளியல் என்றால் முடியும்.

பிறகு பன்னாட்டு நிறுவனங்களும் இதே பாக்கெட் வழிக்கு வந்தன. ஊறுகாய், காபித்தூள், முகப் பூச்சு என்று எல்லாமே சரத்தில் ஏறிவிட்டன. பழைய ராஜாவான வெல்வெட்டோ தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. பாக்கெட் யோசனை இரண்டு பக்கமும் ஒன்றுதான், அப்பாவும் ஒருவர்தான். வாங்குபவரை யார் விடாமல் கவனித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் வந்தது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்தப் பாக்கெட் மட்காது, மறுசுழற்சி செய்வதும் கடினம். குளத்தங்கரையிலும் சாக்கடையிலும் கிடப்பது அதுதான். ஒரு காலத்தில் காலி பாக்கெட்டைத் தேடிப் பொறுக்கிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள் மக்கள், ஐந்துக்கு ஒன்று இலவசம் என்பதற்காக. அதே திட்டத்தைக் குப்பைக்காக மறுபடி யாராவது கொண்டுவந்தால், அடுத்த வெற்றிப் பொருள் அதுவாகவே இருக்கலாம்!