தில்லை மரத்தை வார்டுக்குள் கொண்டு போக முடியாது

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். ஊருக்குள் அந்தக் காடு எப்போதோ போய்விட்டது. 15 கிலோமீட்டர் தள்ளி, பிச்சாவரத்தில் இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த 15 கிலோமீட்டர் ரொம்ப தூரம்...

நோயாளிக்கு ஜன்னலும் பூவும் வேண்டும் என்று 1859-லேயே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிவிட்டார். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய ரெக்கார்டுகளை எடுத்து ஒப்பிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். 1984-ல் வெளியான ஆய்வு. (எல்லோரும் பெரியவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கடலூர் மாவட்டத்தில் மரம் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்கள் 2004 சுனாமியில் குறைவாகச் சேதமடைந்தன என்று 2005-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

சரி, எதைக் கொண்டு போவது? தில்லை கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். சுரபுன்னை பரவாயில்லை. விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, அப்புறம்தான் சேற்றில் விழும். வனத்துறையைக் கேட்டு ஒன்று வாங்கி, தண்ணீர் பாட்டிலில் நிறுத்திக் கட்டிலருகே வைத்தால் வேர் விடுவதைக் குழந்தை தினமும் பார்க்கலாம். ரத்தப் புற்றுநோய் வார்டில் மட்டும் அதுவும் ஆகாது, கிருமி பயம். அங்கே படமும் கதையும்தான்.