கொல்லங்குடி கருப்பாயி

கொல்லங்குடி கருப்பாயி (இறப்பு: 14 ஜூன் 2025) நாட்டுப்புறப் பாடகி, வானொலிக் கலைஞர், திரைப்பட நடிகை. சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவிலை அடுத்த கொல்லங்குடி இவருடைய ஊர்.

கண்மாயை நம்பி விவசாயம் நடக்கும் அந்தச் சீமையில் நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. ஒருத்தி அடி எடுத்துக்கொடுக்க, வரிசையில் குனிந்து நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நாற்று ஊன்றும் கையின் வேகமே தாளம். வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணைக்காரர், கஞ்சி தாமதமாகக் கொண்டுவந்தவர் என யார் வேண்டுமானாலும் அன்றைய பாட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்ளலாம். இட்டுக்கட்டத் தெரிந்தவளே முன்பாட்டுக்காரி. கருப்பாயி பாட்டுப் படித்தது இந்த வயல்களில்தான்.

தமிழ்நாட்டு வாய்மொழிப் பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே தலையெழுத்து அமையவில்லை. 1714-இல் போரில் மாண்ட செஞ்சி தேசிங்குராஜன் கதையை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கதைப்பாடல் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அச்சேறி ஊர் ஊராக விற்றது. நடவுப் பாட்டுக்கு அந்த யோகம் இல்லை. ராஜாவும் இல்லை, போரும் இல்லை, யார் அச்சடிப்பார்கள்? அதை வயலுக்கு வெளியே கொண்டுவந்தது வானொலி.

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. பஞ்சாயத்து ரேடியோவும் பின்னர் டிரான்சிஸ்டரும் கிராமங்களுக்கு வந்தபோது, நாட்டுப்புறப் பாட்டு ஒலிபரப்பில் தனி இடம் பிடித்தது. ஸ்டுடியோவில் சேறு கிடையாது, நிமிடக் கணக்கு உண்டு. நாளெல்லாம் நீளும் பாட்டை அதற்குள் அடக்கியாக வேண்டும். மெருகு பூசாத அந்தத் திறந்த குரல் அகில இந்திய வானொலி வழியாகவே கருப்பாயிக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அந்தப் பெயரே அவரைத் திரைக்கும் கொண்டுசென்றது. பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண் பாவம்’ (1985) படத்தில் பாண்டியனுக்கும் பாண்டியராஜனுக்கும் பாட்டியாக நடித்தார், பாடவும் செய்தார். படத்துக்கு இசை இளையராஜா. ஆனாலும் கருப்பாயியின் பாட்டு திரைப்பாட்டாக மாறாமல் ஊர்ப்பாட்டாகவே நின்றது. படத்தின் சிரிப்புக்கு அந்தக் கிழவியின் குரலும் ஒரு காரணம். பின்னர் வேறு சில படங்களிலும் நடித்தார்.

1993-இல் தமிழக அரசு கலைமாமணி விருது வழங்கியது. கடைசிக் காலத்தில் அவரைப் பற்றி வந்த செய்திகளில் பாட்டைவிட வறுமையே அதிகம் பேசப்பட்டது. இறக்கும்போது வயது 99.