வைஃபை வேற, இணையம் வேற: வீட்டுக்குள் பாட்டும் படமும் காற்றில் வந்த கதை

போன மாரியில் எங்கட குழு நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். நாங்களே எடுத்த குறும்படம் ஒன்றை அவர்கள் வீட்டு ரிவியில் போட்டுப் பார்ப்பதுதான் திட்டம். படம் மடிக்கணினியில் இருந்தது. ரிவியின் பின்பக்கம் குத்துகிற சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டியும் இருந்தது, கனடாவில் இருந்து வந்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. கரண்டும் இருந்தது. மழைக்கு எங்கேயோ லைன் அறுந்து, இணையம் மட்டும் இல்லை. பெட்டி அந்த ஒரு காரணத்தைத் திரையில் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டினோம்.

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பரின் அப்பா கேட்டார்: “ஏன் தம்பி, படம் இஞ்ச கிடக்கு, ரிவியும் இஞ்ச கிடக்கு. நடுவில இன்ரநெற் என்னத்துக்கு?”

எங்களிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் எச்டிஎம்ஐ வயர் ஒன்று இரவல் வாங்கிவந்து படத்தைப் பார்த்து முடித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. பதில் தேடப் போனபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கட பேச்சில் வைஃபையும் இணையமும் ஒன்றுதான். டேட்டா முடிந்தாலும் “வைஃபை போயிட்டுது” என்றுதான் சொல்லுவோம். உண்மையில் வைஃபை என்பது வீட்டுக்குள் இருக்கிற கருவிகள் ஒன்றோடு ஒன்று கதைப்பதற்கான சின்ன வானொலி. இணையம் அந்த ரவுட்டருக்கு அப்பால், வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. வெளி லைன் அறுந்தாலும் உள்ளே இருக்கிற வானொலி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அப்படியானால் எங்கட பெட்டி ஏன் ஊமையானது?

தீவுகளும் காசுப் பெட்டிகளும்

கணினிகளைக் காற்றின் வழியே பேச வைத்த முதல் பெரிய முயற்சி ஒரு தீவுக்கூட்டத்தில் நடந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வேறு வேறு தீவுகளில் இருந்தன. நோர்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழு 1971 இல் ‘அலோஹாநெற்’ என்ற வானொலி வலையமைப்பை இயக்கத் தொடங்கியது. அவர்களின் யோசனை எளிமையானது. தரவைச் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டி அனுப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதுப்பட்டால், ஆளுக்கொரு அளவு நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. இன்றைக்கு உங்கட வீட்டு ரவுட்டர் செய்வதிலும் இந்த யோசனையின் பேரப்பிள்ளை இருக்கிறது.

அடுத்த திருப்பம் சட்டத்தால் வந்தது. 1985 இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணையம், 2.4 கிகாஹேர்ட்ஸ் உட்பட மூன்று அலைவரிசைப் பட்டைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான சாமான்கள் இரைச்சல் போடுகிற பட்டை என்பதால் பெரிய நிறுவனங்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. வானொலி நிலையம் நடத்த அரசின் அனுமதி வேண்டும்; ஆனால் இந்தப் பட்டையில், குறைந்த வலுவில், யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு ஒரு சின்ன நிலையம் வரக் காரணம் இதுதான்.

அந்தப் பட்டையை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் காசுப் பெட்டி செய்கிற என்.சி.ஆர் நிறுவனமும் ஒன்று. பெரிய கடைகளில் காசுப் பெட்டிகளை இடம் மாற்றும்போதெல்லாம் வயரையும் இழுத்து மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலையிடியைத் தீர்க்க, அதன் நெதர்லாந்துப் பிரிவு ‘வேவ்லான்’ என்ற கருவியைச் செய்தது. அங்கே வேலை செய்த விக் ஹேய்ஸ்தான் பிறகு 802.11 தரநிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1997 இல் முதல் தரநிலை வந்தது. வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட்.

வீட்டுக்குள் இன்னொரு பிரச்சினை இருந்தது. அலை சுவரிலும் அலுமாரியிலும் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி பல தடவை பிந்திப் பிந்தி வந்து சேரும். கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி கேட்டவர்களுக்கு இது விளங்கும். சொல்லின் மேல் சொல் ஏறிவிடும். இதற்கு ஒரு நல்ல தீர்வு அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. ஜோன் ஓசலிவன் என்ற வானொலி வானியலாளர் முன்பு, வெடிக்கும் சின்னக் கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடியவர். கருந்துளை கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் கைவந்த கணிதம், அவரின் குழு இந்தப் பிரச்சினையைத் தீர்க்க உதவியது. பிறகு அந்தக் காப்புரிமைக்காக அந்த நிறுவனத்துக்கு 40 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கிடைத்தது.

பெயர் வந்தது 1999 இல். ‘802.11பி’ என்று கடையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று, பெயர் சூட்டுகிற நிறுவனம் ஒன்றைக் கொண்டு ‘வைஃபை’ என்று வைத்தார்கள். ‘ஹைஃபை’ என்ற சொல்லின் ஓசைக்குப் பொருத்தமாக வைத்த பெயர். வீட்டில் நல்ல தரத்தில் பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு அப்போதே இருந்த பெயர்தான் ஹைஃபை.

பாட்டு முதலில் வந்தது

ஏன் பாட்டு முதலில்? கணக்கைப் பாருங்கள். சிடியில் இருக்கிற ஒலிக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 1.4 மெகாபிட் போதும். எம்பி3 என்றால் 0.128 மெகாபிட்டே போதும். 1999 இன் வைஃபை காகிதத்தில் 11 மெகாபிட்; கையில் கிடைத்தது அதில் பாதியளவு. பாட்டுக்கு அது தாராளம். டிவிடி தரத்தில் படம் என்றால் திக்குமுக்காடும். அதனால் படம் பிந்தித்தான் வந்தது.

கலிபோர்னியாவில் ஷோன் அடம்ஸ் தொடங்கிய ‘ஸ்லிம் டிவைசஸ்’ என்ற சின்ன நிறுவனம், கணினியில் இருக்கிற எம்பி3 பாட்டை வலையமைப்பு வழியே ஹோலில் இருக்கிற அம்பிளிஃபயருக்குக் கொண்டுபோகிற பெட்டியை 2001 இல் விற்றது. முதல் பெட்டிக்கு வயர் வேண்டும். 2003 இல் வந்த ‘ஸ்குவீஸ்பொக்ஸ்’ வைஃபையோடு வந்தது. பாட்டை அனுப்புகிற சேவர் மென்பொருளை அவர்கள் திறந்த மூலமாகவே வெளியிட்டிருந்தார்கள். இந்த விசயத்தை நினைவில் வைத்திருங்கள்.

2004 இல் அப்பிள் நிறுவனம் சுவர்ப் பிளக்கில் குத்துகிற ‘எயார்போர்ட் எக்ஸ்பிரஸ்’ பெட்டியை 129 டொலருக்கு விட்டது. அதில் ஒரு சின்ன ஓடியோத் துளை. பழைய ஸ்பீக்கர் செட்டை அதில் கொழுவினால் கணினிப் பாட்டு அறை தாண்டி வரும். இணையம் தேவையில்லை. ஆனால் பூட்டு இருந்தது: அப்பிளின் ஐரியூன்ஸ் அனுப்பினால் மட்டுமே பெட்டி பாடும். சில வாரங்களிலேயே நோர்வேயைச் சேர்ந்த ஜோன் லெக் ஜோஹான்சன் அந்தப் பூட்டின் ஒரு திறப்பை வெளியிட்டார். 2011 இல் ஜேம்ஸ் லெயார்ட் என்பவர் மற்றத் திறப்பையும் வெளியிட்டார். அதன் பிறகு பழைய கணினி எதையும் எயார்பிளே ஸ்பீக்கராக்க முடிந்தது.

2005 தொடக்கத்தில் ‘சோனோஸ்’ பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவர்களின் கெட்டித்தனம், பல அறைகளில் ஒரே பாட்டை ஒன்றாகப் பாட வைத்தது. இது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. இரண்டு மணிக்கூடுகள் ஒருபோதும் சரியாக ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் பிசகினாலே குசினியில் பாடுவது ஹோலில் எதிரொலி மாதிரிக் கேட்கும். அதனால் ஒவ்வொரு பொதியிலும் ‘இத்தனை மணிக்குப் பாடு’ என்று நேரம் எழுதி அனுப்பி, எல்லாப் பெட்டிகளையும் கொஞ்சம் சேமித்துவைத்துப் பாடவைக்க வேண்டும். பாட்டை அழுத்தியதும் ஒரு கணம் பிந்துவதற்கும் இந்தச் சேமிப்பு ஒரு காரணம்.

படம் வந்தது, திறப்பு வெளியே போனது

வலையமைப்பில் ரிவி பார்க்கிற ஆசை வைஃபையை விடப் பழையது. 1996 இல் பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள், வளாகத்தில் இருக்கிற மந்தமான வலையமைப்பை மாற்றுவதற்கு ஒரு நியாயம் தேடினார்கள். ஒரே செய்மதித் தட்டில் இருந்து எல்லா மாணவர் கணினிகளுக்கும் ரிவி அனுப்பலாமே என்று தொடங்கிய திட்டம்தான் ‘வீடியோலான்’. அதில் பார்ப்பவர் பக்கத்து மென்பொருள் ‘வீடியோலான் கிளையன்ட்’, அதாவது விஎல்சி. எங்கள் எல்லோருடைய கணினியிலும் இருக்கிற அந்தச் செம்மஞ்சள் கூம்பு, எங்கட வயதுப் பெடியள், பிள்ளைகள் வளாகத்தில் ரிவி பார்க்கச் செய்த வேலை. 2001 இல் அதைத் திறந்த மூலமாக்கினார்கள்.

2009 இல் 802.11என் தரநிலை முடிவானபோது வைஃபையில் படமும் வடிவாக ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்குள் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2007 இல் நெட்ஃபிளிக்ஸ் இணையவழியில் படம் காட்டத் தொடங்கியது. 2008 இல் அதை ரிவிக்குக் கொண்டுவருகிற ‘ரோகு’ பெட்டி வந்தது. 2013 இல் கூகுள் 35 டொலருக்குக் ‘குரோம்காஸ்ட்’ குச்சியை விட்டது. போனில் யூரியூப்பை அழுத்தினால் ரிவியில் ஓடும். படம் போனில் இருந்து ரிவிக்குப் போகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை. போன் வெறும் ரிமோட். குச்சி தானே வெளி இணையத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துவருகிறது.

இது வசதிதான். போன் சூடாகாது, அழைப்பு வந்தாலும் படம் நிற்காது. நாங்களும் நாளாந்தம் பாவிக்கிறோம். ஆனால் கவனியுங்கள்: 2004 இல் பாட்டு வீட்டில் இருந்தது, பெட்டி வீட்டுக்குள்ளே கேட்டது. பத்து வருசத்துக்குள் பெட்டி மட்டும் வீட்டில், மற்ற எல்லாம் வெளியே. நண்பரின் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வெளியே இருக்கிற கடையைப் பார்த்து இப்படிப் பெட்டி செய்யப் பழகிவிட்டார்கள். தொழில்நுட்பம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதன் விலை பிறகு தெரிந்தது. 2020 ஜனவரியில் சோனோஸ், பழைய பெட்டிகளுக்கு இனி மேம்படுத்தல் இல்லை என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்திருந்தது. சில நாளில் கூகுள் சரிப்படுத்தியது. ஆனால் அந்தச் சில நாளும், பழுதே இல்லாத கருவியை வைத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

ஸ்குவீஸ்பொக்ஸுக்கு என்ன நடந்தது? 2006 இல் லொஜிடெக் நிறுவனம் வாங்கியது. 2012 இல் தயாரிப்பை நிறுத்தியது. 2024 இல் அதன் இணையச் சேவையையும் மூடியது. நியாயப்படி அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சேவர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், அதைப் பாவித்தவர்களே ‘லிரியன்’ என்ற பெயரில் தொடர்ந்து நடத்துகிறார்கள். இருபது வருசப் பழைய பெட்டி இன்றைக்கும் பாடுகிறது.

லைனைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம்

இவ்வளவையும் படித்த பிறகு அதே வீட்டில் திரும்பக் கூடினோம். விசைப்பலகை பழுதான பழைய மடிக்கணினி ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரால் இணைத்தோம். ஓரிடத்தில் அசையாமல் இருப்பதற்கு வயரே நல்லது; காற்றை மற்றவர்களுக்கு விடலாம். அதில் ‘ஜெலிஃபின்’ என்ற திறந்த மூலச் சேவரைப் போட்டோம். மாமாவின் பெட்டியில் விஎல்சியை ஏற்றினோம். ஒரு மணித்தியாலம் ஒன்றும் ஒன்றைக் காணவில்லை. ரிவியை ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில் இணைத்திருந்தோம். அதில் இருக்கிற கருவிகளை வீட்டுக் கருவிகளோடு கதைக்க விடாமல் ரவுட்டர் மறிக்கும். மாற்றியதும் சரி. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனால் பழைய கல்வீட்டுச் சுவரைத் தாண்டாது. பின் அறைக்கு 2.4 தான் போனது.

பிறகு ரவுட்டரில் இருந்து வெளி லைனைக் கழற்றினோம். படம் ஓடியது. டேட்டா ஒரு துளி போகவில்லை. செக்கனுக்கு 5 மெகாபிட் படம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 2.25 ஜிபி, மாதக் கடைசியில் அது எங்களுக்குச் சின்னக் கணக்கு இல்லை.

நண்பரின் அப்பா அன்றைக்குத் தொண்ணூறுகளின் கதை சொன்னார். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட காலம். சுற்றுகிறவரின் கை களைத்தால் சத்தம் இறங்கும். அடுத்த ஆள் மாறுவார். “கை நோகும்தான்,” என்றார். “ஆனா அந்த றேடியோ ஒருநாளும் எங்களிட்ட அனுமதி கேக்கேல்லை.”

அவரிடம் பழைய கசற் பாட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இனி அதுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றப் போகிறோம். உங்கட வீட்டிலும் ஒருமுறை லைனைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எது தொடர்ந்து பாடுகிறது, எது நிற்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.