எக்ஸ்-ரே பரிசோதனை: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மருத்துவர் எக்ஸ்-ரே எடுக்கப் பரிந்துரைக்கும்போது, கதிர்வீச்சால் தீங்கு நேருமோ என்ற அச்சம் பலருக்கு எழுகிறது. அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் எலும்பு முறிவு, நிமோனியா, காசநோய் போன்றவற்றைக் கண்டறிவது தாமதமாகும்.

எக்ஸ் கதிர் என்றால் என்ன?

எக்ஸ் கதிரும் ஒளியைப் போன்ற மின்காந்த அலையே. அதன் அலைநீளம் மிகக் குறைவு. ஆற்றல் மிக அதிகம். ஆகவே அது உடலை ஊடுருவிச் செல்கிறது. 1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் இதனைக் கண்டறிந்தார்.

கருவியிலுள்ள வெற்றிடக் குழாயில் வேகமாகப் பாயும் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டன் உலோகத்தின் மீது மோதும்போது இக்கதிர்கள் உண்டாகின்றன. மின்சாரம் நின்றவுடன் கதிர்களும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. பரிசோதனை முடிந்ததும் குழந்தையைத் தூக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம்.

படம் எவ்வாறு உருவாகிறது?

கால்சியம் நிறைந்த எலும்பு கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதால் வெண்மையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும், தசைகள் சாம்பல் நிறமாகவும் தெரிகின்றன. நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகளில் திரவம் நிறைவதால், கருமையாக இருக்க வேண்டிய பகுதி வெண்மையாகிறது.

எனினும் இது ஒரு நிழற்படமே. காசநோயை உறுதிசெய்யச் சளிப் பரிசோதனையும் தேவைப்படும்.

கதிர்வீச்சின் அளவு எவ்வளவு?

மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒருவர் ஓராண்டில் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட். மார்பு எக்ஸ்-ரே ஒன்றில் பெறுவது சுமார் 0.1 மில்லி சீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. சி.டி. ஸ்கேனும் எக்ஸ் கதிர்களையே பயன்படுத்துகிறது. அதில் அளவு பல மடங்கு அதிகம். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் எக்ஸ் கதிர்கள் இல்லை.

எனவே, மருத்துவர் தேவையெனக் கூறும் படத்தைத் தவிர்க்காதீர்கள். அவர் தேவையில்லை எனக் கூறும் ஸ்கேனை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கர்ப்பமாக இருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ படம் எடுக்கும் முன்பே தெரிவியுங்கள். அவசியமெனில் உரிய பாதுகாப்புடன் படம் எடுக்கப்படும்.
• பழைய படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கவும், மீண்டும் எடுப்பதைத் தவிர்க்கவும் அவை உதவும்.
• படம் எடுக்கப்படும் பகுதியிலுள்ள நகை, ஊக்கு, தாயத்து போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள்.
• சொல்லும்போது மூச்சை அடக்கி, அசையாமல் இருங்கள். அசைந்தால் படம் தெளிவிழந்து மீண்டும் எடுக்க நேரிடும்.
• குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் ஈயக் கவசம் அணிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இதனைச் செய்யக் கூடாது. மற்ற உறவினர்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ தாமதமின்றி அணுகுங்கள்.