பிடித்துக் காத்தவர்கள்

2018ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேகருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த துறை காட்டுயிர்ப் பாதுகாப்பு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023இல், செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடியினரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் அதே விருது சேர்த்து வழங்கப்பட்டது. அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த துறை சமூகப் பணி. மூவரும் அலைந்தது சென்னைக்குத் தெற்கே கடலோரத்து வயல்களிலும் புதர்க்காடுகளிலும்தான். கையாண்டவையும் ஒரே வகைப் பாம்புகள்தான். விட்டேகர் முன்னின்று தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில்தான் மற்ற இருவரும் உறுப்பினர்கள். விருதுக் குழுவைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பாதுகாவலர் என்றால் யார் என்று நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் உருவத்தைத்தான் அந்தப் பட்டியலும் காட்டுகிறது. பாதுகாப்பின் வரலாற்றை இதுவரை யார் வாயால் கேட்டோமோ அவர்களுடைய சாயலே அந்த உருவத்துக்கு வந்திருக்கிறது. கேட்கப்படுபவர்கள் மாறினால் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளும் விரியும். அதற்கு இருளர்களின் பாம்புத் தொழிலைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை.

பாம்பைப் பற்றிய ஏட்டறிவு இந்தியாவில் எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய தம் பெருநூலை 1796இல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்நூலில் அவர் பல பாம்புகளுக்கு உள்ளூர்த் தெலுங்குப் பெயர்களைக் குறித்திருக்கிறார். கட்டுவிரியன் பேரினத்துக்கு அறிவியல் வைத்த ‘பங்காரஸ்’ என்ற பெயரே தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. பெயர் தானாக வந்துவிடாது. சொன்னவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யாரென்பது ஏட்டில் தங்கவில்லை. நூறாண்டு கழித்து, 1909இல், எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அவர் காலத்து மானிடவியல் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தது. இருளர்களும் அந்த அளவுக்குத் தப்பவில்லை. ஆக, இருளர்கள் ஆவணத்துக்குள் வந்தார்கள். ஆனால் அளக்கப்படும் பொருளாக வந்தார்கள், அறிவு சொல்பவர்களாக வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வடதமிழகச் சமவெளி இருளர் பலருக்குப் பாம்பே சோறு போட்டது. சாரையும் நல்ல பாம்பும் மலைப்பாம்பும் தோலாகித் தோல் மண்டிகளுக்குப் போயின. அங்கிருந்து பதனிடப்பட்டு வெளிநாட்டுக் கைப்பைகளும் காலணிகளும் ஆயின. இலாபம் வணிகர் கையில் நின்றது. பிடித்தவருக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி அளவுதான். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு அது நல்ல செய்தி. இருளர் குடிசைகளில் அடுப்பு அணைந்த செய்தி. அணிந்தவரும் விற்றவரும் வேறு தோலுக்கு மாறிக்கொண்டார்கள். பிடிப்பதையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்று எதுவும் இல்லை. சட்டம் அவர்களைக் கேட்டு எழுதப்படவில்லை. 1978இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கமோ, விட்டேகர் அவர்களோடு பல ஆண்டுகள் காட்டிலும் வரப்பிலும் நடந்து, அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால் உருவானது. கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை விட்டுவிட முடியும் என்ற எண்ணத்துக்கு, உயிரோடு பிடிக்கும் அவர்களுடைய கைத்திறனே முதல்.

சங்கம் இயங்கும் முறை எளிமையானது. வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் உறுப்பினர்கள் பிடிக்கிறார்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள நிலையத்தில், வாயில் துணி கட்டிய மண்பானைகளில் அவற்றை வைத்திருக்கிறார்கள். சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு அகப்பட்டால், அது ஏற்கெனவே வந்துபோனது என்று தெரியும். அந்த நஞ்சு குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து நஞ்சுமுறி மருந்து ஆகிறது. இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்தே சென்றது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். வயலில் மிதிபட்ட பாம்பைக் கழியால் அடிக்காமல் விட வேண்டும் என்று உழவரிடம் சொல்லும் எவரும், கடிபட்டால் பிழைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த வழி வடநெம்மேலியின் பானைகளில் தொடங்குகிறது. பாம்பைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் அங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன. கூலி பெறும் வேலையே பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்பதைக் காப்பகங்களின் வரலாறு நமக்குச் சொல்லித் தரவில்லை. இந்தத் தொழிலின் வரலாறு சொல்லித் தருகிறது.

இருளர்களின் பாம்பறிவு எத்தகையது என்பதை 2017 ஜனவரியில் அமெரிக்கா கண்டது. ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு அயல் உயிரினமாகப் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த மலைப்பாம்புப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்திருந்தார்கள். வடிவேல் கோபாலும் மாசி சடையனும் மொழிபெயர்ப்பாளர்கள் இருவருடன் போய்ச் சேர்ந்து, இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். மற்றவர்கள் சாலையோரங்களில் வண்டியோட்டித் தேடியபோது இவர்கள் புதருக்குள் நடந்தும் வளைகளில் பார்த்தும் தேடினார்கள். தடமும் எச்சமும் உரித்த சட்டையும் அவர்களுக்கு எழுத்தைப் போல. இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை, செய்பவரிடம்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர, பக்கத்தில் நின்று கேட்கவும் மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டும். நேர்காணல் என்று நாம் பெரிதாகச் சொல்வதன் அடிப்படை வேலை அதுதான்.

கேட்காமல் விட்டால் என்ன இழப்பு என்பதற்கு வேடந்தாங்கல் ஏரி சான்று. அந்த ஏரிக்கு வரும் பறவைகளை ஊரார் காத்துவந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது அவர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்பது வரலாறு. கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்ற பத்திரம் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊரார் கண்ட கணக்கு. இன்று நாம் சொல்லும்போது பிளேஸின் பெயரும் ஆண்டும் மட்டும் துல்லியமாக வருகின்றன. முறையிட்டவரின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. சலுகை கொடுத்தவரின் கதையாகவே அது தங்கிவிட்டது, கேட்டு வாங்கியவர்களின் கதையாகத் தங்கவில்லை. அன்று ஒருவர் உட்கார்ந்து அந்த ஊர்ப் பெரியவர்களின் பேச்சை எழுதியிருந்தால், இந்தியப் பறவைப் பாதுகாப்பின் தொடக்கப் பக்கம் வேளாண்மையைப் பற்றியதாக இருந்திருக்கும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு கடுமையானது. தோலுக்காகப் பாம்புகளைக் கொன்றவர்களைப் பாதுகாவலர் என்பது வரலாற்றை வெள்ளையடிப்பது ஆகாதா? கொன்றது உண்மை, அதை மறைக்கும் நேர்காணல் நேர்காணலே அல்ல. ஆனால் அதே தராசில் மற்றவர்களையும் நிறுக்க வேண்டும். புலிகளுக்காகக் குரல் கொடுத்த ஜிம் கார்பெட் துப்பாக்கியோடு வளர்ந்தவர். பறவையியலின் முன்னோடி சலீம் அலி ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். அவர்கள் வாழ்க்கையில் துப்பாக்கி, மனம் மாறிய கதையின் முதல் அத்தியாயமாகப் படிக்கப்படுகிறது. இருளரின் வளை தோண்டும் கடப்பாரை மட்டும் ஏன் குற்றச்சான்றாகவே நின்றுவிட வேண்டும்? கார்பெட்டும் சலீம் அலியும் தம் கதையைத் தாமே நூலாக எழுதினார்கள் என்பதே வேறுபாடு. எழுதத் தெரியாதவரின் கதையை மற்றொருவர் கேட்டு எழுதாவிட்டால், அவருடைய முதல் அத்தியாயம் மட்டும் காவல்நிலையப் பதிவில் எஞ்சும்.

இரண்டாவது மறுப்பு நினைவைப் பற்றியது. மனிதர் மறப்பார், கூட்டிச் சொல்வார், கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்வார். கணக்கெடுப்பும் களஆய்வும் இருக்கும்போது பேச்சு எதற்கு? மறதி உண்டுதான். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகளே, ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து சான்றாக ஏற்கலாம் என்கின்றன. நிலத்துக்கே போதுமான சான்று வரலாற்றுக்குப் போதாமல் போகாது. தவிர, எண்ணும் பேச்சும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. எத்தனை பாம்பு பிடிபட்டது என்பதைச் சங்கத்தின் பதிவேடு சொல்லும். எந்த மழைக்குப் பின் எந்த வரப்பில் பாம்பு குறைந்தது, தடைக்குப் பிந்தைய மாதங்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைப் பேச்சுதான் சொல்லும். ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கலாம். ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்பது சோம்பல்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. கேட்பதும் ஒரு வகை எடுப்புதான். 1987இல் அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர், உடன் வந்த ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. வருவாயில் பங்கு கொடுக்கக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை உருவானதால் அது உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பங்கு யாருக்கு, ஒப்புதல் யாரிடம் கேட்கப்பட்டது என்ற சச்சரவும் கூடவே வந்தது. ஆகவே கேட்பதற்கும் ஒழுங்கு வேண்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயர் முன்னால் வர வேண்டும். திருடர்களுக்கு வழிகாட்டக்கூடிய இடக்குறிப்புகள் மறைய வேண்டும். பதிவின் ஒரு படி சொன்னவர் ஊரிலேயே தங்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் வழி வந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்கு ஏற்ற இடம். படிவத்தை நிரப்பும் வேலையாக அது சுருங்கிவிடாமல் இருந்தால் சரி. ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கேட்காமலே இருப்பது, ரஸ்ஸல் காலத்துப் பெயரற்றவர்களின் பட்டியலை நீட்டுவதில் முடியும்.

ஓர் எச்சரிக்கை பாம்பின் நஞ்சிலேயே இருக்கிறது. ஒரே இனமானாலும் பாம்பின் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்; தமிழகத்து நஞ்சிலிருந்து செய்த மருந்து வேறு சில பகுதிகளின் கடிகளுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்மொழியும் அப்படித்தான். இருளர் சொல்வது செங்கல்பட்டுக்குப் பொருந்தும். அதை அசாமுக்கு மருந்தாக்க முடியாது. ஒரு சில நட்சத்திர நேர்காணல்களால் பாதுகாப்பின் பொருள் விரிந்துவிடாது. ஊருக்கு ஊர் கேட்டாக வேண்டும். 1976இல் தடை வந்தபோது இருளரை யாரும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு சிலர் கேட்டதால் ஒரு தொழில் பிழைத்தது, பாம்பும் பிழைத்தது, கடிபட்டவர் பலரும் பிழைத்தார்கள். அடுத்த சட்டத்தை எழுதும் கை, எழுதுமுன் ஒருமுறை அந்த மண்பானைகளின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.