திரும்பி வராத அண்டா

திருவேங்கடம் பக்கம் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முதல் நாளே வாடகைப் பாத்திரக் கடையில் ஆள் நிற்கும். அண்டா 4, கரண்டி 12, ஜமுக்காளம் 6. யாருக்கு, எத்தனை, என்றைக்கு என்று கடைக்காரர் நீள நோட்டில் எழுதிக்கொள்வார். சாமான் திரும்பி வந்தால் அந்த வரியில் ஒரு கோடு. கோடு விழாத வரி இருந்தால் மறுநாள் சைக்கிளில் ஆள் போகும். நான் பி.காம். படித்தது அப்புறம்தான். அங்கேயும் சொல்லிக்கொடுத்தது ஏறக்குறைய இதைத்தான்.

இந்த நோட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும்? லண்டனைக் கேளுங்கள்.

1992 அக்டோபர் 26-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையைப் புதிய கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. முதல் நாளே குளறுபடி. பாதிக் காரியத்தைக் கையால் செய்து சமாளித்தார்கள். நவம்பர் 4, அதிகாலை இரண்டு மணி தாண்டியதும் திரை மெதுவாகி, அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். பேப்பரும் பேனாவும்தான் கைகொடுத்தன.

விசாரணையில் காரணம் தெரிந்தது. மூன்று வாரம் முன்னால் ஒரு புரோகிராமர் செய்த மாற்றம். ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சூண்டு நினைவகத்தை எடுத்தது, திருப்பித் தரவில்லை. மூன்று வாரத்தில் கஜானா காலி. எந்த மொழியில் எழுதினால் என்ன? இந்த வியாதிக்குப் பெயர் ‘மெமரி லீக்’.

தென்காசிக்கே 2011-ல் ஸோஹோ அலுவலகம் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி ‘சி’. அதில் நினைவகம் வேண்டுமென்றால் ‘மால்லாக்’ என்று கேட்க வேண்டும். இடம் ஒதுக்கி, முகவரி தருவார்கள். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ என்று திருப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். முகவரியைத் தொலைத்துவிட்டால் திருப்பவும் முடியாது. சின்ன புரோகிராம் என்றால் கவலையில்லை, அது முடிந்ததும் மொத்தத்தையும் கம்ப்யூட்டரே பிடுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடுகிற சர்வருக்குத்தான் ஆபத்து.

கண்டுபிடிப்பது எப்படி? லட்சம் வரி நிரலைக் கண்ணால் படித்தா? நடக்காது சார். இங்கேதான் ஒருவர் வருகிறார்: ரீட் ஹேஸ்டிங்ஸ். ஆமாம், 1997-ல் நெட்ஃப்ளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். சினிமாவுக்கு முன்னால் அவர் பிழைப்பு இதுதான்! 1991-ல் ‘ப்யூர் சாஃப்ட்வேர்’ கம்பெனி. சரக்கின் பெயர் ‘ப்யூரிஃபை’. பாப் ஜாய்ஸ் என்பவரோடு சேர்ந்து 1992-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

வெறும் நோட்டோடு அவர்கள் நிற்கவில்லை. அண்டா திரும்பவில்லை, சரி. இன்னும் அடுப்பில் இருக்கிறதா, கேட்பாரற்றுக் கொல்லையில் கிடக்கிறதா? முதலாவது குற்றமில்லை, வேலை நடக்கிறது. புரோகிராமுக்குள் எங்காவது அந்த இடத்தின் முகவரி இருக்கிறதா என்று ப்யூரிஃபை துழாவும். எங்கேயும் இல்லையா? கசிவு. அதைக் கேட்டு வாங்கிய வரி எது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அது காசுக்கு. 2002-ல் ஜூலியன் சீவர்ட் ‘வால்கிரைண்ட்’ என்று ஒன்றை இலவசமாகவே வெளியிட்டார். வட ஐரோப்பியப் புராணத்தில் வால்ஹல்லா மண்டபத்து வாசலின் பெயராம். புரோகிராமைத் தனக்குள்ளேயே ஓடவைத்து ஒவ்வொரு அசைவையும் பார்க்கும். விலை வேகம்தான்: பத்து மடங்குக்கு மேல் மெதுவாகும். நகை எடை போடுகிற தராசில் நெல் மூட்டையை நிறுத்தினால் சும்மாவா?

எனக்குப் பிடித்தது இவற்றைவிட எளிமையான ‘எம்ட்ரேஸ்’. லினக்ஸ்காரர்களுக்கு குனு சி நூலகத்தோடு வருகிறது. அச்சு அசல் நம் கடை நோட்டு. கொடுத்தால் கூட்டல் குறி, முகவரி, அளவு. திரும்பினால் கழித்தல் குறி, அதே முகவரி. கடைசியில் ஜோடி சேராத வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, எந்த ஃபைலில் எத்தனையாவது வரி வாங்கியது என்று நீட்டுகிறது.

எல்லாம் நேராகிவிட்டால் ‘நோ மெமரி லீக்ஸ்’ என்று ஒற்றை வரி. ஐந்தொகை டேலி ஆன ராத்திரியில் கணக்குப்பிள்ளை விடுகிற பெருமூச்சு அதில் கேட்கும்.